கீதம் ஒலிக்கும்போது மண்டியிடலாமா?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரின் பதில்கள்

கேள்வி: ஐயா, போன இதழில் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக்கை நல்ல மனிதர் என்று எழுதியிருந்தீர்கள். நான் ராணுவத்தில் இருந்தவன். கொடி போர்த்திய தோழர்களின் உடலைத் தோளில் சுமந்திருக்கிறேன். தேசிய கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்காத ஒருவரைப் பாராட்ட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?
— ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர் மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் கோபத்தை நான் மதிக்கிறேன். இதே கோபம் அமெரிக்காவில் ஒரு சிப்பாய்க்கும் வந்தது. அவருடைய கதையைத்தான் உங்களுக்குப் பதிலாகச் சொல்ல வேண்டும்.

2016 ஜூலை முதல் வாரத்தில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில், லூசியானாவில் ஆல்டன் ஸ்டெர்லிங், மின்னசோட்டாவில் பிலாண்டோ காஸ்டீல் என்ற இரண்டு கறுப்பினத்தவரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். காஸ்டீல் தன் காரில் உட்கார்ந்திருந்தவர். பக்கத்தில் அவருடைய தோழி, பின் இருக்கையில் அந்தப் பெண்ணின் நான்கு வயது மகள். அடுத்த மாதம், பருவம் தொடங்குவதற்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில், சான் பிரான்சிஸ்கோ அமெரிக்கக் கால்பந்து அணியின் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் எடுத்து ஓடும் ஆட்டம்) கேப்பர்னிக் கீதம் ஒலிக்கும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஆகஸ்ட் 26 அன்று கிரீன் பே அணியுடன் நடந்த ஆட்டத்தில்தான் அது வெளியே தெரிந்தது. நிருபர் காரணம் கேட்டார். கறுப்பின மக்களை ஒடுக்கும் ஒரு நாட்டின் கொடிக்குப் பெருமை காட்டி நான் எழுந்து நிற்க மாட்டேன் என்றார். நாடே கொதித்தது.

கொதித்தவர்களில் ஒருவர் நேட் பாயர். அமெரிக்கச் சிறப்புப் படையில் இருந்து ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டவர். பிறகு சிறிது காலம் அதே ஆட்டத்தை ஆடியவர். அவர் கேப்பர்னிக்குக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். மனம் புண்பட்டிருக்கிறது, ஆனாலும் நீங்கள் சொல்வதைக் கேட்கத் தயாராக இருக்கிறேன் என்பது அதன் சாரம். கேப்பர்னிக் அவரைச் சந்திக்க அழைத்தார். செப்டம்பர் 1 அன்று சான் டியேகோவில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து பேசினார்கள். உட்கார்ந்திருப்பது தோழர்களிடமிருந்து ஒதுங்கியிருப்பதுபோல் தெரிகிறது, அவர்கள் பக்கத்தில் வந்து ஒரு காலை மண்டியிடுங்கள், இறந்துபோன தோழனின் கல்லறை முன்னால் நாங்கள் அப்படித்தான் மண்டியிடுவோம் என்று யோசனை சொன்னவர் அந்தச் சிப்பாய்.

அன்று இரவு அந்த மைதானத்தில் ராணுவத்தினரைக் கௌரவிக்கும் நிகழ்ச்சி இருந்தது. கீதம் ஒலித்தபோது கேப்பர்னிக்கும் அவருடைய சக வீரர் எரிக் ரீடும் மண்டியிட்டார்கள். பக்கத்தில் பாயர் நெஞ்சில் கைவைத்து நிமிர்ந்து நின்றார். ஒருவர் நின்றார், ஒருவர் மண்டியிட்டார். ஒருவரையொருவர் துரோகி என்று சொல்லவில்லை. நாட்டுக்காகப் போரிட்டவர்கள்மேல் தனக்குப் பெரும் மரியாதை உண்டு என்று கேப்பர்னிக் அந்த நாட்களிலேயே சொல்லியிருந்தார். நீங்கள் தோளில் சுமந்தவர்களை அவர் இழிவுபடுத்தினார் என்று நான் நம்பவில்லை.

ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. அதே ஆகஸ்டில் பயிற்சிக்கு வந்தபோது, போலீஸ் தொப்பி வைத்த பன்றிப் படம் போட்ட காலுறையை அவர் அணிந்திருந்தார். கெட்ட போலீசாரைத்தான் குறித்தேன் என்று விளக்கம் தந்தார். காக்கி அணிந்த எல்லோரையும் அது புண்படுத்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்ல வந்த விஷயத்துக்கு அந்தக் காலுறை கெடுதலே செய்தது.

கேள்வி: ஆட்டம் பார்க்கத்தானே டிக்கெட் வாங்குகிறோம்? விளையாட்டில் அரசியல் எதற்கு?
— வங்கி ஊழியர், கோவை

பதில்: கீதம் எப்படி மைதானத்துக்குள் வந்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் அது பரவலாக நினைவுகூரப்படும் நாள் 1918 செப்டம்பர் 5. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. சிகாகோவில் பேஸ்பால் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், நடுவே பேண்டு வாத்தியக்காரர்கள் அந்தப் பாட்டை வாசித்தார்கள். கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரர் கொடியை நோக்கி சல்யூட் அடித்தார். கூட்டம் பாடியது, பலத்த கைத்தட்டல். அப்போது அது தேசிய கீதம்கூட இல்லை. சட்டப்படி ஆனது 1931-ல்தான்.

கேப்பர்னிக் ஆடிய ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009 வரை, இரவில் நடக்கும் முக்கிய ஒளிபரப்பு ஆட்டங்களில் கீதம் முடியும்வரை வீரர்கள் ஓய்வறையில்தான் இருப்பார்கள். 2015-ல் செனட்டர்கள் ஜான் மெக்கெய்னும் ஜெஃப் ஃப்ளேக்கும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கொடி ஊர்வலம், கீதம் பாடுதல், சிப்பாய்களைக் கௌரவித்தல் போன்றவற்றுக்காக விளையாட்டு அணிகளுக்குப் பாதுகாப்புத் துறையே பணம் கொடுத்திருக்கிறது. அத்தகைய ஒப்பந்தங்களின் மதிப்பு சுமார் 68 லட்சம் டாலர் என்று அதில் இருந்தது. மெக்கெய்ன் வியட்நாமில் ஐந்தாண்டுகளுக்கு மேல் போர்க் கைதியாக இருந்தவர். தேசபக்தியைக் காசுக்கு விற்றது அவருக்குப் பொறுக்கவில்லை.

அரசாங்கம் மைதானத்துக்குள் வந்து பேசலாம், ஆடுகிறவன் மட்டும் வாய் திறக்கக் கூடாது என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கேள்வி: 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இரண்டு கறுப்பின வீரர்கள் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தி நிற்கும் படம் எங்கள் கல்லூரி விடுதிச் சுவரில் இருக்கிறது. முன்னால் நிற்கும் வெள்ளைக்காரர் யார்? அவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதானே?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: சம்பந்தம் இருக்கிறது, மகளே. அவர் பெயர் பீட்டர் நார்மன். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்துக்காரர், என்னைப் போல உடற்கல்வி ஆசிரியர். மாணவர்களுக்கு நான் அதிகம் சொன்ன கதை அவருடையதுதான்.

அக்டோபர் 16, 200 மீட்டர் இறுதி ஓட்டம். அமெரிக்காவின் டாமி ஸ்மித் 19.83 விநாடியில் ஓடி உலக சாதனை. நார்மன் 20.06-ல் இரண்டாவது. கடைசிச் சில மீட்டரில் இன்னோர் அமெரிக்கரான ஜான் கார்லோஸை முந்தினார். அந்த 20.06 ஆஸ்திரேலிய சாதனையாக 2024 டிசம்பர் வரை நின்றது. பதினாறு வயது கவுட் கவுட் 20.04 ஓடிய பிறகுதான் அழிந்தது.

படத்தை அருகில் போய்ப் பார். ஸ்மித், கார்லோஸ் இருவர் காலிலும் காலணி இல்லை, கறுப்புக் காலுறை மட்டும். அது கறுப்பின மக்களின் வறுமைக்கு அடையாளம். கார்லோஸ் கழுத்தில் இருக்கும் மணிமாலை, கும்பல் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற கறுப்பின மனிதர்களின் நினைவாக. அவருடைய மேல்சட்டை ஜிப் திறந்திருக்கும். ஒலிம்பிக் மேடையில் அப்படி நிற்பது மரபுக்குப் புறம்பு. உழைக்கும் மக்களுக்காக அப்படி நின்றதாக அவர் சொன்னார். ஸ்மித் உயர்த்தியது வலது கை, கார்லோஸ் உயர்த்தியது இடது கை. கார்லோஸ் தன் கையுறைகளை எடுத்துவர மறந்துவிட்டார். ஒரு ஜோடியை ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னது நார்மன்.

இப்போது நார்மனின் இடது மார்பைப் பார். மற்ற இருவருக்கும் உள்ள அதே வட்டப் பட்டை (பேட்ஜ்) அவர் சட்டையிலும் இருக்கும். மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டம் என்ற இயக்கத்தின் பட்டை அது. மேடை ஏறுவதற்கு முன் இருவரும் அவரிடம் பேசினார்கள். அவருடைய குடும்பம் சால்வேஷன் ஆர்மி திருச்சபையைச் சேர்ந்தது. எல்லா மனிதரும் சமம் என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர். உங்களோடு நிற்கிறேன் என்றார். பட்டை ஒன்று வேண்டுமே! அமெரிக்கத் துடுப்புப் படகு அணியைச் சேர்ந்த ஒருவர் தன் சட்டையில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்.

ஸ்மித்தும் கார்லோஸும் ஒலிம்பிக் கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஊர் திரும்பியபின் கொலை மிரட்டல்களும் வேலை கிடைக்காத வருடங்களும்தான் மிச்சம். நார்மன் 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு அனுப்பப்படவில்லை. பட்டை அணிந்ததற்குத் தண்டனை என்றார்கள் அவர் பக்கத்தவர்கள். தேர்வு ஓட்டத்தில் மூன்றாவதாக வந்ததுதான் காரணம் என்றது ஆஸ்திரேலிய ஒலிம்பிக் குழு. ஆஸ்திரேலிய நாடாளுமன்ற மக்களவை 2012-ல் அவரிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. அப்போது அவர் உயிரோடு இல்லை. 2006 அக்டோபரில் இறந்தார். மெல்பர்னில் அவருடைய சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவர்கள் ஸ்மித்தும் கார்லோஸும்.

கலிபோர்னியாவில் அந்த இருவரும் படித்த சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் 2005-ல் மாணவர்கள் முயற்சியில் ஒரு சிலை வைத்தார்கள். அதில் இரண்டாம் இடம் காலியாக இருக்கிறது. என் சிலை வேண்டாம், வருகிறவர்கள் அங்கே ஏறி நிற்கட்டும் என்று நார்மனே கேட்டுக்கொண்டார். விடுதித் தோழிகளுக்கு இதையும் சொல்.

கேள்வி: கேப்பர்னிக் இப்போது எந்த அணியில் ஆடுகிறார்?
— பள்ளி மாணவன், ஈரோடு

பதில்: எந்த அணியிலும் இல்லை. 2017 ஜனவரி 1-ஆம் தேதி ஆடியதுதான் கடைசி. அப்போது அவருக்கு 29 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் தன் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுசென்றவர். அணி உரிமையாளர்கள் கூடிப் பேசித் தன்னை ஒதுக்கினார்கள் என்று புகார் கொடுத்தார். 2019-ல் அது சமரசத்தில் முடிந்தது. 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை அழுத்திக் கொன்றார். அதற்குப் பிறகு, வீரர்கள் சொன்னதைக் காதில் வாங்காதது தவறு என்று அமெரிக்கக் கால்பந்து லீக்கின் ஆணையர் ஒப்புக்கொண்டார். அந்தப் பேச்சில் கேப்பர்னிக் பெயர் வரவில்லை. வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை. தொண்டு அமைப்புகளுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக 2016-ல் சொன்ன வாக்கை மட்டும், சம்பளம் நின்ற பிறகும் கொடுத்து முடித்தார்.

கேள்வி: ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி மண்டியிட்டால் நாட்டின் ஒற்றுமை என்ன ஆவது? அந்த ஒரு நிமிடமாவது எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டாமா?
— குடும்பத் தலைவி, மதுரை

பதில்: அம்மா, நிற்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. நான் நிற்கிறேன், பாடுகிறேன். உடம்பு சரியில்லாத நாளில்கூடத் தொலைக்காட்சியில் கீதம் கேட்டால் நாற்காலியில் இருந்து எழுந்துவிடுவேன். கேள்வி, நிற்காதவனை நாம் என்ன செய்வது என்பதுதான்.

2017 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் அலபாமாவில் ஒரு கூட்டத்தில், மண்டியிடுகிறவர்களை உரிமையாளர்கள் வேலையைவிட்டுத் துரத்த வேண்டும் என்று கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். அதுவரை ஒரு சிலர்தான் மண்டியிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வார இறுதியிலேயே இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் மண்டியிட்டார்கள் அல்லது உட்கார்ந்தார்கள். மிரட்டல் ஒற்றுமையைக் கொண்டுவரவில்லை.

அதே ஞாயிற்றுக்கிழமை சிகாகோவில் பிட்ஸ்பர்க் அணி வேறு வழி தேடியது. நிற்பதா மண்டியிடுவதா என்று அணி இரண்டுபட வேண்டாம், கீதம் முடியும்வரை எல்லோரும் உள்ளேயே இருப்போம் என்று முடிவெடுத்தார்கள். அணியில் அலஹாண்ட்ரோ வில்யனுவேவா என்று ஒருவர், ஆப்கானிஸ்தானில் போரிட்ட முன்னாள் ராணுவ அதிகாரி. அவர் சுரங்கப் பாதையின் வாயில்வரை வந்து, நெஞ்சில் கைவைத்துத் தனியாக நின்றார். அந்தப் படம் நாடு முழுக்கப் பரவியது. தோழர்களை மோசமாகக் காட்டிவிட்டேனே என்று மறுநாள் அவர் வருந்தினார். எனக்கு அவர்மேலும் மரியாதை உண்டு. எழுந்து நிற்க விரும்பியவரையும் அணியின் முடிவால் கட்டிப்போட முடியவில்லை, பாருங்கள்.

இன்னொரு காட்சி. 2022 நவம்பர் 21, கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து. ஈரான் அணி இங்கிலாந்துடன் ஆடுகிறது. இரண்டு மாதங்களுக்கு முன், தலைமறைப்பைச் சரியாக அணியவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட மாசா அமினி என்ற 22 வயதுப் பெண் காவலில் இருந்தபோது இறந்து, நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். ஈரான் கீதம் ஒலித்தபோது பதினோரு பேரும் தோளோடு தோள் சேர்த்து, உதடு அசையாமல் நின்றார்கள். அரங்கத்தில் இருந்த அவர்கள் நாட்டுப் பெண்கள் அழுதார்கள். நான்கு நாள் கழித்து வேல்ஸ் அணியுடன் ஆட்டம். இந்த முறை வீரர்கள் உதட்டை அசைத்தார்கள். ஈரானிய ரசிகர்களில் பலர் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள்.

எந்த நாளில் அந்த அணியும் மக்களும் ஒன்றாக இருந்தார்கள்? வாய்மூடி நின்ற நாளில் என்றுதான் நான் சொல்வேன். குறை சொல்ல இடம் இருக்கும் வீட்டில்தான் பிள்ளைகள் தங்குவார்கள். குறை சொல்கிறவனை வாசலுக்கு அனுப்பிவிட்டு மிச்சம் இருப்பவர்களை எண்ணி, நாங்கள் ஒற்றுமையாக இருக்கிறோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: பெண்கள் யாரும் இப்படிச் செய்ததில்லையா?
— ஜிம்னாஸ்டிக்ஸ் கற்கும் சிறுமியின் தாய், சென்னை

பதில்: உங்கள் மகளின் விளையாட்டிலேயே ஒருவர் இருக்கிறார். செக்கோஸ்லோவாகியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்கா. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் அவருடைய நாட்டுக்குள் புகுந்தன. சீர்திருத்தம் கேட்ட அறிக்கையில் கையெழுத்திட்டவர் என்பதால் மலைக்காட்டுப் பகுதியில் ஒளிந்திருந்தார். அங்கே மரக்கிளையில் தொங்கியும் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கியும் பயிற்சி செய்தார். இரண்டு மாதத்தில் மெக்சிகோவில் நான்கு தங்கம், இரண்டு வெள்ளி. மேடையில் சோவியத் கீதம் ஒலித்தபோது தலையைக் குனிந்து வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நாடு திரும்பிய பிறகு, கையெழுத்தைத் திரும்பப் பெற மறுத்ததால் நெடுங்காலம் பயிற்சியாளர் வேலை கொடுக்கவில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒரு மாணவன் காலை வழிபாட்டில் தேசிய கீதம் பாடுவதில்லை. நிற்கிறான், வாய் திறப்பதில்லை. மதக் காரணம் சொல்கிறான். நடவடிக்கை எடுக்கச் சொல்கிறார்கள் சிலர். சட்டம் என்ன சொல்கிறது?
— அரசுப் பள்ளி ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: எடுக்காதீர்கள். இதே விஷயத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது: பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம், 1986 ஆகஸ்ட் 11. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் கீதத்தின்போது மரியாதையாக நின்றார்கள், பாடவில்லை. 1985 ஜூலையில் பள்ளியைவிட்டு நீக்கினார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் தத்தும் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார்கள். பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எழுந்து நிற்பதே மரியாதைதான் என்றார்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பது கீதத்தை வேண்டுமென்றே பாடவிடாமல் தடுப்பவரையும், பாடும் கூட்டத்தில் இடையூறு செய்பவரையும்தான். அதற்கு மூன்று ஆண்டுவரை சிறை. பேசாமல் நிற்பது இடையூறு ஆகாது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அதே சபையைச் சேர்ந்த ஒரு மாணவி தொடர் ஓட்ட அணியில் கடைசிச் சுற்று ஓடுவாள். வழிபாட்டில் கையைத் தொடையோடு ஒட்டி, குதிகால் சேர்த்து நிற்பாள். பாடமாட்டாள். அவளைப் பற்றிப் புகார் வந்தது. அதே நேரம் பின்வரிசையில் சில பையன்கள் உரக்கப் பாடிக்கொண்டே முன்னால் நிற்பவன் சட்டையில் மை தெளித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. தலைமை ஆசிரியரிடம் நான் இந்தத் தீர்ப்பைச் சொன்னேன், விட்டுவிட்டார். மாவட்டப் போட்டியில் அந்த நான்கு பெண்களும் வென்றார்கள். நிறைவு விழாவில் மூன்று பேர் பாடினார்கள், ஒருத்தி பாடவில்லை. நான்கு பேரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள்.

கேள்வி: நான் கபடி வீரன், மாவட்ட அணியில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பொதுத் திடலில் எங்கள் தெருப் பையன்களை ஆட விடுவதில்லை. அடுத்த மாதம் மாநிலப் போட்டி. கீதம் பாடும்போது நானும் மண்டியிடலாமா, ஐயா?
— 19 வயது வாசகன், தேனி மாவட்டம்

பதில்: தம்பி, கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. செய் என்று சொல்லிவிட்டு நான் இங்கே வசதியாக உட்கார்ந்திருக்கவும் முடியாது. மேலே சொன்ன தீர்ப்பு, நின்றுகொண்டு பாடாமல் இருந்தவர்களைப் பற்றியது. மண்டியிடுவதைப் பற்றி அது பேசவில்லை. யாராவது வழக்குப் போட்டால் இழுபறி ஆகும், நிர்வாகிகள் உன்னை அணியைவிட்டு நீக்கக்கூடும். ஸ்மித்தும் கார்லோஸும் மண்டியிடவில்லை, நின்றார்கள். நார்மன் ஒரு பட்டை மட்டும் குத்திக்கொண்டார். எழுந்து நின்றபடியே சொல்ல வழி இருக்கிறது. எதைச் செய்தாலும் முந்தைய நாளே அணித் தோழர்களிடமும் பயிற்சியாளரிடமும் சொல்லிவிடு. மைதானத்தில் அவர்கள் திகைத்து நிற்கக் கூடாது. கேட்கிறவர்களிடம் சொல்ல இரண்டே வாக்கியம் தயாராக வைத்துக்கொள்: எந்தத் திடல், யார் தடுத்தார்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பட்டியல் சாதியினரைப் பொது இடத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். திடல் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக் குறித்துக்கொள். தடுத்த நாள், நேரம், கூட இருந்தவர்கள் பெயரோடு மனு எழுது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். ரசீது வாங்காமல் வராதே. மனு எழுதியதும் ஒரு நகலை இதழ் முகவரிக்கு என் பெயருக்கு அனுப்பு. நீ போகும் திங்கட்கிழமையைச் சொன்னால் முதல் பஸ்ஸில் தேனிக்கு வந்துவிடுகிறேன்.